நீங்க எவடம்?

முன்பின் அறியாத இரண்டு பேர் இரவுப் பயணத்தில் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தால், எங்கள் நாட்டில் முதலில் கேட்கப்படுவது பெயரல்ல, ஊர். சிங்களத்தில் “கம கொஹெத?” என்பார்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் நாங்கள் கேட்பது ஒரே சொல்லில்: “எவடம்?” தமிழரும் அப்படித்தான் கேட்பார், முஸ்லிமும் அப்படித்தான் கேட்பார்.

இனம் என்ன, மதம் என்ன என்று முகத்துக்கு நேரே கேட்பது மரியாதையில்லை. ஊரைக் கேட்டால் அந்த இரண்டும் கேட்காமலே வந்துவிடும். மருதமுனை என்றால் முஸ்லிம். அடுத்துள்ள பாண்டிருப்பு என்றால் தமிழர். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன உவமை ஒன்று எங்களிடம் உண்டு. கரையோர வீதியில் பஸ்ஸில் போகிறவனுக்கு அது உவமையல்ல, தரிப்பிடங்களின் வரிசை: மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்.

நான் மருதமுனைக்காரன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து கொழும்பில் கணக்காய்வு வேலை. வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு வருவதும் ஞாயிறு இரவு திரும்புவதுமாக என் வாழ்நாளின் ஒரு பங்கு ரயிலிலும் பஸ்ஸிலும் கழிந்திருக்கிறது. வேலை நிமித்தம் அலுவலக வாகனத்தில் நாடு முழுக்க ஓடிய இரவுகள் தனி. இத்தனை இரவுகளிலும் நான் கவனித்துவந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்: அதை யார் யாரிடம் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்லப்படுகிறது என்று.

ஒரே ஆளின் பதில் கேட்பவருக்கேற்ப நீளும், சுருங்கும். கொழும்பில் சிங்களவர் கேட்டால் “அம்பாறை”. யாழ்ப்பாணத்தவர் கேட்டால் “கல்முனைப் பக்கம்”. மட்டக்களப்பார் கேட்டால் “மருதமுனை”. கல்முனைக்காரர் கேட்டால் எந்தத் தெரு, யாருடைய மகன் என்பதுவரை சொல்ல வேண்டும். இதெல்லாம் சாதாரணம். ஆனால் ஒருவர் தன் ஊர்ப் பெயரை வாயில் எடுக்குமுன் ஒரு கணம் நின்று, கேட்டவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொரு பெயரைச் சொல்வார். அந்த ஒரு கணம் சாதாரணமல்ல.

போர்க்காலத்தில் பல வருடங்கள் ரயில் மட்டக்களப்பு வரை வரவில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு பாதை திருத்தப்பட்டு இரவுத் தபால் ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கியபோது, அதில் ஏறுவதே ஒரு சந்தோஷமாக இருந்தது. எங்கள் பெரியவர்கள் அதைக் ‘கோச்சி’ என்றே சொன்னார்கள். கோட்டையில் ஏறினால் மாஹோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரியும். கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரியும். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்க அப்போது ஒரே இரும்புப் பாலம்தான். ரயிலும் அதிலேதான், பஸ்ஸும் லொறியும் அதிலேதான். 2007இல் வாகனங்களுக்கு வேறு பாலம் வந்தது.

மூன்றாம் வகுப்பில் முக்கால்வாசி விளக்கு எரியாது. அந்த இருட்டில் எனக்குப் புரிந்த ஒரு விடயம்: எங்கள் பகுதித் தமிழரையும் முஸ்லிமையும் குரலை மட்டும் கேட்டுப் பிரிக்க முடியாது. அதே இழுவை, அதே “ஓம்”, அதே “எவடம்”. ‘அப்பா’ என்றோ ‘வாப்பா’ என்றோ, ‘அக்கா’ என்றோ ‘ராத்தா’ என்றோ ஓர் உறவுச்சொல் வரும்வரை யார் எவரென்று தெரியாது. நெருக்கடியான வருடங்களில் அந்தச் சொற்களையும் மக்கள் தவிர்த்துக்கொண்டார்கள். “எங்கட வீட்டில” என்பார்கள், “ஊரில பெரியவர்” என்பார்கள். வாப்பா என்ற சொல்லைத் தொண்டையில் நிறுத்திவைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

ரயில் ஓடிக்கொண்டிருந்தால் எல்லோரும் தூங்குவார்கள். காட்டில் நின்றால்தான் பேச்சு வரும். கல்லோயாப் பகுதியில் யானைக்காக வேகத்தைக் குறைப்பார்கள், சில நேரம் நிறுத்தியும் விடுவார்கள். நிறுத்த முடியாத இரவுகளும் உண்டு. 2025 பெப்ரவரியில் அந்தப் பகுதியில் ரயில் மோதி ஒரே இரவில் ஆறு யானைகள் இறந்தன. அப்படி நின்ற ஓர் இரவில்தான், அநேகமாக 2004ஆம் ஆண்டு, எதிரே இருந்த வயதான அம்மா என்னிடம் கேட்டார்.

“மகன் எவடம்?”

“மருதமுனை, அம்மா.”

“அப்ப கைத்தறி ஊர். நான் உடுத்திக் கிழிச்ச சீலையில பாதி உங்கட ஊர்ச் சீலைதான்.”

“நீங்க எவடம்?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மடியிலிருந்த பையைச் சரிசெய்தார். பிறகு, “குருக்கள்மடம்” என்றார்.

இந்த இதழின் வாசகர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. 1990 ஜூலையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் அந்த இடத்தில் புலிகளால் வாகனங்களிலிருந்து இறக்கப்பட்டார்கள். ஹஜ் கடமையை முடித்து வந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். வீடு வந்து சேரவில்லை. எங்கள் பஸ் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். ஜன்னலோரத்தில் இருப்பவர் வீதியைப் பார்க்காமல் தன் கையைப் பார்ப்பார்.

அம்மா என் மௌனத்தைப் பார்த்துவிட்டுத் தானே பேசினார். “இந்தப் பேரைச் சொன்னா உங்கட ஆக்கள் பேச்சை நிப்பாட்டிருவாங்க. எனக்குத் தெரியும் மகன். களுவாஞ்சிகுடி எண்டு சொல்லிருக்கலாம். கிட்டத்தானே. மகள் அப்பிடித்தான் சொல்லுவாள். எனக்கு வாய் வராது. பிறந்தது அங்க, கலியாணம் முடிச்சது அங்க, மனிசனை எரிச்சது அங்க. செய்தவன் எவனோ. பேர் ஊருக்கு.”

நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. பெரிதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் பையிலிருந்து அவித்த கச்சானை எடுத்து நீட்டினார். தோலை உரித்து உரித்து இருவரும் தின்றுகொண்டிருக்க, ரயில் நகரத் தொடங்கியது. மட்டக்களப்பில் இறங்கித் தெற்கே போகிற ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவர் தன் ஊரில் இறங்கும்போது, “வாறன் மகன்” என்றார். வழமையாக அந்த இடத்தில் தலை குனிகிற நான், அன்றைக்கு அவர் ஒழுங்கைக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நான் சொல்லப்போவது ஒரு மதுச்சாலை. சில வாசகர்களுக்கு இது முகச்சுழிப்பைத் தரலாம். கணக்காய்வுக் குழுவோடு வெளியூர் போகிறவனுக்கு இராத் தங்கல் வாடிவீட்டில்தான். வாடிவீடுகளில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே ‘பார்’ இருக்கும். சக உத்தியோகத்தர்களும் சாரதியும் அங்கே இருக்க, நான் அறைக்குள் தனியே கிடக்க விரும்பாமல் ஒரு ஜிஞ்சர் பியரோடு அவர்களுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். குடிக்காமல் அந்த இடத்தில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் மறுநாள் மறந்துவிடுவதெல்லாம் அவனுக்கு நினைவிருக்கும்.

2012இல் பொலநறுவைப் பக்கம் அப்படி ஓர் இரவு. பக்கத்து மேசையில் தனியே குடித்துக்கொண்டிருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர் எங்கள் பேச்சில் கலந்துகொண்டார். என் சிங்களத்தின் உச்சரிப்பைக் கவனித்திருப்பார்போலும். “மாத்தயாவின் ஊர் எங்கே?” என்று கேட்டார். கேட்ட தோரணை எனக்குப் பழக்கமானது. கேள்வியோடு கண்ணும் என் சட்டைப் பையை நோக்கிப் போனது. சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கு மட்டுமே வருகிற பார்வை அது.

“கல்முனைக்குக் கிட்ட, மருதமுனை.”

அவர் முகம் மலர்ந்தது. சீருடையில் இருந்த காலத்தில் ஆறு வருடம் கல்முனைப் பக்கம் கடமை செய்தாராம். எங்கள் ஊர்ச் சாரம் இரண்டு இன்னும் வீட்டில் இருக்கிறதாம். நோன்பு காலத்தில் சாவடிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சின்னப் பையன் வாளியில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிப்போவானாம். முதல் இரண்டு நாட்கள் நஞ்சு இருக்குமோ என்று பயந்து ஊற்றிவிட்டார்களாம். மூன்றாம் நாள் பசி. குடித்தார்களாம். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்: “உங்கள் ஊர் எங்கே?”

அவர் கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெலிக்கந்தைப் பக்கம் ஒரு குடியேற்றக் கிராமம் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “மாத்தயா, அந்த ஆறு வருடத்தில் நான் எத்தனை ஆயிரம் பேரிடம் ஊர் எங்கே என்று கேட்டிருப்பேன். ஒருவர்கூட என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரும் எல்லைக் கிராமம்தான். ராத்திரியில் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்ட ஊர்தான்.”

துப்பாக்கி வைத்திருப்பவனிடம் எப்படித் திருப்பிக் கேட்பது என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்றிரவு எனக்கு ஒன்று தெளிவானது. ரயிலில் அந்த அம்மா கேட்ட கேள்வியும் சாவடியில் இவர் கேட்ட கேள்வியும் சொல்லளவில் ஒன்றே. ரயிலில் நான் திருப்பிக் கேட்கலாம். சாவடியில் முடியாது. திருப்பிக் கேட்க முடிந்தால் அது பேச்சு. முடியாவிட்டால் விசாரணை.

ரயில் நேரம் ஒத்துவராத நாட்களில் பஸ். புறக்கோட்டையில் ஏறி, கண்டி, மஹியங்கனை, பதியத்தலாவை, மகாஓயா, அம்பாறை வழியாக வரும். மஹியங்கனைக்கு இறங்கும் வளைவுகளில் தூங்குகிறவன் புதியவன். பழகியவர்கள் விழித்திருந்து ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அல்லது பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பாதையிலும் பேச்சு நின்றுபோகிற இடங்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அரந்தலாவையில் 1987 ஜூன் 2ஆம் திகதி பஸ்ஸில் வந்த 30க்கும் மேற்பட்ட பிக்குகளைப் புலிகள் கொன்றார்கள். பெரும்பாலானவர்கள் சின்னப் பிள்ளைகள். அந்த இடத்தில் சிங்களப் பயணிகள் எழுந்து இருந்து கைகூப்புவார்கள். சம்மாந்துறையை ஒட்டி வீரமுனை. 1990 ஓகஸ்டில் அங்கே கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதைச் செய்தவர்களில் எங்கள் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள் என்பதைத் தமிழர்கள் மறக்கவில்லை. குருக்கள்மடத்தில் நான் கையைப் பார்ப்பதுபோல வீரமுனையில் தன் கையைப் பார்க்கிற ஒரு தமிழ் ஆசிரியரோடு பல தடவை பயணம் செய்திருக்கிறேன். ஒருவருக்கு நெஞ்சு அடைக்கிற இடத்தில் மற்றவர் குறட்டை விட்டுத் தூங்குவார். அது குற்றமல்ல. அவருக்கு அந்த இடத்தின் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

எல்லோரும் சேர்ந்து மௌனமாகிற இடம் ஒன்று பிந்தி வந்தது. 2024 நவம்பர் வெள்ளத்தில் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்ட மாவடிப்பள்ளி வீதி. அதற்குப் பிறகு நான் வந்த பஸ்களில், அந்த இடத்தில் எந்த ஊர்க்காரரும் தண்ணீரைப் பார்க்காமல் இருந்ததில்லை.

பஸ் நடுச்சாமத்தில் ஏதாவதொரு ஹோட்டலில் நிற்கும். பிளேன்டீ, ரொட்டி, கொத்து. அந்த ஹோட்டல்களில் பல எங்கள் ஆட்களுடையவை. கல்லாவில் இருப்பவருக்கு வியாபாரத்துக்கு வேண்டிய அளவு சிங்களம் தெரியும். விலை சொல்லத் தெரியும், மிச்சம் கொடுக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. 2018 பெப்ரவரி கடைசியில் ஓர் இரவு அம்பாறை நகரத்தில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்லா மேசை கண்ணுக்கு முன் வரும். கறியில் கிடந்த கட்டியைக் காட்டி, இது கருத்தடை மாத்திரையா என்று கேட்டார்கள். சூழ்ந்துநின்ற கூட்டத்துக்கு நடுவில், சிங்களம் சரியாகத் தெரியாத அந்த மனிதர் ஆமென்று தலையாட்டிவிட்டார். அது கைபேசியில் படமாகிப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். அந்தக் கடைக்காரருக்குத் தேவைப்பட்டது மறுபேச்சுக்கான சிங்களமல்ல. “நீங்கள் கேட்பது என்ன?” என்று திருப்பிக் கேட்கிற அளவு சிங்களமும், அதைக் கேட்கவிடுகிற ஒரு கூட்டமும் இருந்திருந்தால் போதும்.

அடுத்த வருடம் 2019. ஏப்ரல் 21க்குப் பிறகு காத்தான்குடி என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டது. 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதுவில் குண்டு வெடித்தது. அந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. ஆனால் ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களுக்கு அதெல்லாம் எட்டுவதில்லை. ஜூன் மாதம் ஓர் இரவு பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் ஒரு இளைஞன். பக்கத்திலிருந்த சிங்களப் பெரியவர் ஊரைக் கேட்டார். “மட்டக்களப்பு” என்றான். பொய்யல்ல, காத்தான்குடி மட்டக்களப்பு மாவட்டம்தான். சற்று நேரத்தில் அவனுடைய கைபேசி அடித்தது. எடுத்து, “ஓம் உம்மா” என்றவன் சடக்கென்று நிறுத்திச் சுற்றிலும் பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு முழுவதும் “ம்”, “ம்” என்றே போனது. மறுமுனையில் அந்தத் தாய் மகனுக்கு என்ன கோபம் என்று யோசித்திருப்பாள்.

பெரியவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. கவனித்திருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. மகாஓயாவில் இறங்கும்போது தன்னிடமிருந்த தண்ணீர்ப் போத்தலை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்பாறையில் தேத்தண்ணிக்கு இறங்கியபோது பையன் என்னிடம் வந்தான். “காக்கா நீங்க எவடம்?” என்றான். சொன்னேன். “நான் காத்தான்குடி” என்றான். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஒரு பிளேன்டீயை ஒரே மூச்சில் குடித்தான்.

இப்போதெல்லாம் இரவு பஸ்ஸில் இந்தக் கேள்வி அபூர்வமாகிவிட்டது. எல்லார் முகத்திலும் கைபேசியின் வெளிச்சம், எல்லார் காதிலும் வயர். நடத்துனருக்கு ஆசன இலக்கமும் தொலைபேசி இலக்கமும் போதும். எட்டு மணித்தியாலம் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தவர்கள் ஒரு சொல் பேசாமல் இறங்கிப் போகிறார்கள். நண்பர் ஒருவர் இது நல்லது என்கிறார். யாரும் கேட்காவிட்டால் யாரும் மறைக்கத் தேவையில்லை என்பது அவருடைய வாதம். மறுக்க முடியாத வாதம்தான். அந்தக் காத்தான்குடிப் பையனுக்கு அன்றைக்குக் காதில் வயர் இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக வந்திருப்பான்.

ஆனால் எனக்குச் சமாதானமாகவில்லை. கேட்காமல் இருப்பதால் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். பயம் போய்விடவில்லை. அது கைபேசிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் இருப்பவனின் ஊரைப் பற்றி அவனைக் கேட்காமல், அவனுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, முகம் தெரியாத எவனோ எழுதியதை வாசித்துக்கொண்டிருக்கிறோம். குருக்கள்மடத்து அம்மாவை நான் சந்திக்காமல் இருந்திருந்தால், அந்த ஊர் எனக்கு இன்றைக்கும் 1990 மட்டுமாகவே இருந்திருக்கும். இப்போது அங்கே அவித்த கச்சானும் ஒரு ஒழுங்கையும்கூட இருக்கின்றன. நடந்தது எதுவும் இதனால் குறைந்துவிடாது. அந்த ஊர் மட்டும் முழு ஊராகிறது.

என் மகள் பேராதனையில் படிக்கிறாள். மாதத்துக்கொரு தடவை அதே மஹியங்கனைப் பாதையில் இரவு பஸ்ஸில் தனியே வருகிறாள். முதல் தடவை புறப்படும்போது அவளுடைய உம்மா சொன்னது: “ஆரும் கேட்டா அம்பாறை எண்டு சொல்லு. அதுக்கு மேல வாய் திறக்காத.” பெற்றவளின் பயம் அது. நானும் தகப்பன்தான். ஊர்ப் பெயரைத் தைரியமாகச் சொல் என்று பிள்ளைக்கு வீரம் போதிக்க எனக்கு மனம் வரவில்லை. இருட்டில் அவளுக்குப் பக்கத்தில் யார் இருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதை அந்த இடத்தில் இருந்து அவளே முடிவுசெய்யட்டும்.

நான் அவளிடம் சொன்னது வேறு. “நீ என்ன பதில் சொன்னாலும் சரி மகள். சொல்லிவிட்டு நீயும் கேள். நீங்க எவடம் என்று கேள். அதற்கு அவங்க சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு, மிச்சத்தைச் சொல்வதா இல்லையா என்று யோசி.”